இடுப்புப் பையில் ஓர் அடையாள அட்டை

தண்ணீர் இடுப்பளவு இருந்தது. கால் விரல்கள் சேற்றுக்குள் புதைந்திருந்தன. எனக்கு இரண்டு பக்கமும் நாற்பது பேர் போல முழங்கால் தெரியும் கட்டைக் களிசானோடு நின்று, தோளைச் சுழற்றிக்கொண்டும் கையை உதறிக்கொண்டும் இருந்தார்கள். நான் மட்டும் வலது கையைத் தண்ணீருக்குள் விட்டு இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தேன்.

இருக்கிறது. கையை வெளியே எடுத்தேன். உடனே சந்தேகம் வந்துவிட்டது. மறுபடியும் விட்டுத் தடவினேன். இருக்கிறது.

பக்கத்தில் நின்றவர் பதுளை டவுன்காரர். நல்ல மனிதர். "என்னங்க, வயிறு சரியில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சும்மா, குளிருதுங்க" என்றேன்.

குளிர் உண்மைதான். ஆனால் நான் தடவிப் பார்த்தது வயிற்றை அல்ல. களிசானின் உள்பக்கத்தில் என் மனைவி லெட்சுமி ஒரு சின்னப் பை தைத்துக் கொடுத்திருந்தாள். அதற்குள் பொலித்தீனில் சுற்றிய என் தேசிய அடையாள அட்டை இருந்தது.

இதைச் சொன்னால் இப்போது என் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "ஏம்ப்பா, மீனு ஐடென்டி கேக்கும்னு நெனச்சீங்களா?" என்கிறாள். கேட்பாள், அவளுக்கென்ன. அன்றைக்கு எனக்குப் பல்லோடு பல் அடித்தது. பாதி குளிர், பாதி பயம். பயத்தின் பாதிதான் பெரிய பாதி என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

பெரிய கிளாக்கர் செய்த வேலை

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு நான் யாரென்று தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தெமோதரைக்கும் ஹாலிஎலவுக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் தப்பால்காரனாக இருந்தேன். காலையில் தோட்டத்து ஆபீசில் பையை வாங்கிக்கொண்டு பதுளைக்குப் போவேன். கடிதம், பார்சல், ஆபீஸ் கடதாசி எல்லாவற்றையும் கொடுத்து வாங்கிக்கொண்டு பகலுக்குப் பிறகு திரும்பி வருவேன். போகும்போது நான் சைக்கிளில் போவேன். வரும்போது சைக்கிள்தான் என்னோடு வரும். மலைநாட்டில் சைக்கிள் வைத்திருப்பவன் பாதித் தூரம் அதைத் தள்ளித்தான் ஆக வேண்டும்.

தள்ளித் தள்ளியே எனக்குக் கால் உரமேறிவிட்டது. தோட்டத்து விளையாட்டுப் போட்டியில் ஓட்டத்தில் மூன்று வருஷம் தொடர்ந்து நான்தான் முதல். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

தொண்ணூறுகளின் பிற்பாதி, வடக்கில் யுத்தம் நடந்த காலம். எந்த வருஷம் என்று கேட்டுக் கடிதம் போடாதீர்கள், எனக்கே நிச்சயமில்லை. பெரிய கிளாக்கர் ஐயா ஒரு நாள் ஆபீசுக்குள் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். வெளியே கடுமை, உள்ளே பிள்ளை மனசு. மேசையில் ஒரு நோட்டீஸ் கிடந்தது.

"இஞ்ச வாரும். இது ட்ரையத்லன் எண்டு ஒரு போட்டி. முதல் நீந்த வேணும், பிறகு சைக்கிள், பிறகு ஓட்டம். மூண்டையும் நிக்காமல் செய்ய வேணும். பழைய டேமில துவங்கி பதுளை மைதானத்தில முடியும். கொஞ்சத் தூரம்தான். உமக்கு நீந்தத் தெரியுமோ?"

"ஆத்துல குளிப்பேங்க ஐயா."

"குளிக்கிறது வேற, நீந்திறது வேற. சரி, ரெண்டு மாசம் கிடக்கு, பழகும். பேரைக் குடுத்திட்டன்."

"ஐயா, தண்ணின்னா எனக்கு..."

"குடுத்திட்டன் எண்டு சொல்லுறன்."

அவரும் ஒரு காலத்தில் ஓட்டக்காரர் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அந்த வருஷங்களில் அவர் தோட்டத்துக் கேட்டைத் தாண்டுவதே அபூர்வம். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "என்ர ஐடென்டியைத் திருப்பினால் பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு. அதை வாசிச்சாப் பிறகு செக்பொயிண்டில என்னை விடுவாங்களோ?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்த முகத்தில் கண் மட்டும் சிரிக்கவில்லை. தான் ஓட முடியாத ஓட்டத்துக்கு என்னை அனுப்பினார் என்று இப்போது நினைக்கிறேன்.

கூடைக் கயிற்றில் நீச்சல்

மலையில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் பீலிக் குழாயில் விழுவது, வாளியில் சுமப்பது. அதற்குள் இறங்கி மிதப்பதெல்லாம் எங்கள் கணக்கில் இல்லை.

கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோருக்குத் தண்ணீர் திருப்புவதற்காக ஓடையை மறித்துச் சுவர் கட்டிய இடம் ஒன்று எங்கள் தோட்டத்தில் உண்டு. கழுத்தளவு ஆழம். அகலம் நான்கு கை வீச்சு. ஞாயிற்றுக்கிழமை பகலில் லெட்சுமியும் நானும் அங்கே போவோம். கொழுந்துக் கூடைக் கயிறுகள் இரண்டை முடிந்து ஒரு முனையை என் இடுப்பில் கட்டுவாள். மறு முனையைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு கல்லில் உட்காருவாள்.

"ஏங்க, ஓடுறீங்க, சரி. சைக்கிள்ல போறீங்க, சரி. தண்ணிக்குள்ள என்ன வேல?"

"மூணையும் செஞ்சாத்தான் கணக்குல எடுப்பாங்க புள்ள."

"யாரு கணக்குல?"

 தண்ணீருக்குள் முகத்தை வைத்தேன்.

நான் மூச்சு வாங்குவதற்காக நின்றாலே போதும், மூழ்குகிறேன் என்று நினைத்துக் கயிற்றை இழுத்துவிடுவாள். அப்படி எத்தனை முறை என்னைக் கல்லில் தேய்த்திருக்கிறாள் என்பதற்கு என் முழங்கையில் இன்னும் அடையாளம் இருக்கிறது. கோபத்தில் கத்துவேன். "செத்துப் போனப்புறம் கத்துங்க" என்பாள்.

இரண்டு மாதத்தில் நீந்தப் பழகிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நான்கு வீச்சு, சுவர். திரும்பினால் நான்கு வீச்சு, சுவர். அந்தச் சுவர்தான் என்னை நீந்த வைத்தது என்பது டேமில் இறங்கும்வரை எனக்குப் புரியவில்லை.

பெரகலயில் பிடித்த மச்சான்

லெட்சுமி ஸ்பிரிங்வெளியில் பிறந்தவள். அவளுக்கு ஒரே அண்ணன். பெரகல சந்தியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் போட்டிக்கு இரண்டு வருஷம் முன்னால், லீவு கிடைத்து ஊருக்கு வர பஸ் ஏறினார். புதுச் சட்டை போட்டிருந்தார். அடையாள அட்டை பழைய சட்டையின் பையில் இருந்தது. அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்தார்கள், எல்லாரையும் இறக்கினார்கள், மச்சானை ஏற்றிக்கொண்டு போனார்கள். எட்டு மாதம்.

எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆனது. பிறகு லெட்சுமி கிழமைக்கு ஒரு முறை பழைய சட்டையும் அட்டையுமாக அந்த வாசலுக்குப் போவாள். அவளுக்குச் சிங்களம் கடைச் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் தெரியும். அந்த வாசலுக்காக ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டாள். "மொகுத் களே நே, மஹத்தயா." ஒன்றும் செய்யவில்லை ஐயா என்று அர்த்தம். எட்டு மாதம் அதையே சொன்னாள்.

மச்சான் திரும்பி வந்தார். முழங்கால் இரண்டும் மடங்காது. ரொட்டி போட நிற்க முடியாது. 

அன்றிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீட்டில் ஒரு வழக்கம். நான் படி இறங்குவதற்கு முன் லெட்சுமி வந்து என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பாள். அட்டை கையில் தட்டுப்பட்டால்தான் வழி விடுவாள். சண்டை போட்டுப் பேசாமல் இருக்கும் நாளிலும் அந்தக் கை வரும்.

இப்போது போட்டிக்கு வருகிறேன். சட்டையையும் சைக்கிளையும் டேம் ரோட்டு ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். "சட்டையிலயே வெச்சிடுறேன். ஏறி வந்து போட்டுக்கிட்டா முடிஞ்சிச்சு" என்றேன்.

"அம்பது பேரு உடுப்பு அங்க கெடக்கும். ஒருத்தன் மாத்திப் போட்டுக்கிட்டுப் போனா?"

"நனைஞ்சிரும் புள்ள."

"நனையட்டும். ஒங்க ஒடம்புல இருக்கணும்." கொஞ்ச நேரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். பிறகு தலை நிமிராமல் சொன்னாள். "ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, யாருன்னாவது தெரியணும்ல."

 கொழுந்து எடுக்கும்போது இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற பிளாஸ்டிக் படங்கில் ஒரு துண்டு வெட்டிப் பை தைத்தாள். பையின் வாயை ஓர் ஊக்கால் குத்தினாள். இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

பீப்பாய்

பழைய டேம் வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு ஸ்டோருக்கு மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டியது. தண்ணீர் கறுப்பாக இருக்கும். அடி தெரியாது. நடுவில் காலி எண்ணெய்ப் பீப்பாய்களைக் கயிற்றில் கட்டி மிதக்க விட்டிருந்தார்கள். அதைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். என் கையில் கறுப்பு மையால் 37 என்று எழுதியிருந்தார்கள்.

விசில் ஊதியது. எல்லாரும் பாய்ந்தார்கள். ஒருவன் கால் என் மூக்கில் பட்டது. ஒரு வாய் தண்ணீர் உள்ளே போனது.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கை முன்னால் நீண்டு சுவரைத் தேடியது. சுவர் இல்லை. என் உடம்பு நான்கு வீச்சுக்கு ஒரு சுவர் கேட்டது. காலை இறக்கினேன். தரையும் இல்லை. இடுப்பில் கயிறு இல்லை, கல்லில் லெட்சுமி இல்லை. அந்தப் பயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கத்தக்கூட வாய் வரவில்லை, வாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது.

எப்படியோ கையைக் காலை அடித்துப் பீப்பாயைப் பிடித்துவிட்டேன். தப்பித்தோம் என்று நினைத்தபோது, பின்னாலிருந்து இன்னொருவன் வந்து என் கழுத்தைப் பிடித்தான். இரண்டு பேரும் உள்ளே போனோம். மேலே வந்தோம். அவன் பீப்பாயின் கயிற்றை ஒரு கையாலும் என் தோளை ஒரு கையாலும் பற்றிக்கொண்டு இருமினான். கட்டையாக வெட்டிய முடி. கையில் 41.

"மல்லி, மட்ட பயய்" என்றான்.

தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது என்கிறான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், எனக்கும்தான் என்றேன். அப்படியே கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எல்லாரும் எங்களைச் சுற்றிப் போய்விட்டார்கள். கயிறு என் இடுப்பில் உரசியது. அதை அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை.

எண்ணிக்கொண்டே போவோம் என்று அவன் பாஷையில் சொன்னான். அவன் சிங்களத்தில் நான்கு வரை எண்ணினான், நான் தமிழில் நான்கு வரை எண்ணினேன். அப்படி மாற்றி மாற்றி எண்ணியே கரைக்கு வந்தோம்.

கரையில் என் சட்டையை மாட்டிக்கொண்டே இடுப்பைத் தொட்டேன். பை விறைப்பாகக் கையில் தட்டுப்பட்டது. சரி. திரும்பினேன். 41 தன் பனியனை மாட்டிக்கொண்டிருந்தான். பச்சை நிறப் பனியன், நெஞ்சில் இராணுவ முகாமின் முத்திரை.

நான் இவ்வளவு நேரம் ஓர் ஆமிக்காரனோடு ஒரே பீப்பாயில் தொங்கியிருக்கிறேன்.  அவனுக்கு முன்னால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

தடைக்கட்டை

தெமோதரையிலிருந்து பதுளைக்கு ரோடு இறக்கம். எனக்கு அது தினசரி ரோடு. எந்த வளைவில் மணல், எந்த மதகடியில் குழி எல்லாம் மனப்பாடம். பிரேக் கட்டைகள் தேய்ந்திருந்தன. செருப்புக் காலைப் பின் சக்கரத்தில் வைத்து அழுத்துவதும் எனக்குப் பழக்கம்தான். ஹாலிஎல தாண்டும்போது ஏழெட்டுப் பேரை முந்தியிருந்தேன். காற்று நெஞ்சில் அடித்தது. அன்றைய நாளில் எனக்குப் பயம் மறந்தது அந்த ஒரு கொஞ்சத் தூரம்தான்.

டவுனுக்கு முன்னால் ஒரு வளைவு. வளைவு முடிந்ததும் செக்பொயிண்ட். மண்மூட்டை, தார்ப்பீப்பாய், குறுக்கே தடைக்கட்டை. பஸ்ஸில் வருபவர்கள் இறங்கி வரிசையாக நடக்க வேண்டும். சைக்கிளில் வருபவன் பத்தடி முன்னாலேயே இறங்கி, தள்ளிக்கொண்டு, அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கிழமையில் ஆறு நாள், போக ஒரு தடவை வர ஒரு தடவை, எத்தனையோ வருஷமாக நான் செய்தது அது.

அன்றைக்குத் தடைக்கட்டையைத் தூக்கி வைத்திருந்தார்கள். போட்டிக்காக ரோட்டைத் திறந்துவிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் போனவர்கள் அம்பு மாதிரி போனார்கள். காவலுக்கு நின்ற ஆமிக்காரன் கை தட்டி, "யண்ட! யண்ட!" என்று கத்தினான். போ, போ என்று.

நான் இறங்கினேன்.

நினைத்து இறங்கவில்லை. கால் தானாக இறங்கிவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அவன் தட்டிய கையை நிறுத்தினான். "யண்ட!" என்று இன்னொரு தடவை கத்தினான். அவன் கத்தியதில் எனக்கு இன்னும் பதற்றமாகி, வலது கையைக் களிசானுக்குள் விட்டேன்.

இப்போது யோசித்தால் தெரிகிறது. எல்லாரும் பறந்துபோகிற இடத்தில் ஒருவன் மட்டும் இறங்குகிறான். போ என்றால் போகவில்லை. இடுப்புக்குள் கையை விடுகிறான். நான் அந்த ஆமிக்காரனாக இருந்திருந்தாலும் துப்பாக்கியைத் தூக்கியிருப்பேன்.

"அத்த உஸ்ஸண்ட!"

கையைத் தூக்கச் சொன்னான். சைக்கிள் விழுந்தது. கையைத் தூக்குவதற்கு முந்திய அந்த ஒரு கணத்தில் என் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. ஊக்கு திறந்து தொங்கியது. பையின் வாய் அகலமாக இருந்தது. கரையில் நான் தொட்டது படங்குத் துண்டின் விறைப்பு. உள்ளே ஒன்றும் இல்லை.

 மூத்திரம் கொஞ்சம் போய்விட்டது. களிசான் ஏற்கெனவே நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அவர்களுக்குப் பெரியவர் ஒருவர் உள்ளேயிருந்து வந்தார். அட்டை எங்கே என்றார். "வத்துரே, சேர்" என்றேன். தண்ணீரில். தண்ணீருக்குள் அட்டையை எதற்குக் கொண்டுபோனாய் என்றார். தைத்த பை, படங்குத் துண்டு, ஊக்கு என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்யாகக் கேட்டது. அட்டை இல்லாதவன் எதற்காக இறங்கினாய் என்றார். 

மண்மூட்டை ஓரத்தில் உட்கார வைத்தார்கள். கையைத் தலையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் முந்தியவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். டேமில் வயிற்று வலியா என்று கேட்ட டவுன்காரரும் போனார். என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, நானும் அப்படித்தான் திருப்பியிருப்பேன். என் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சானின் முழங்கால்தான் நினைவுக்கு வந்தது.

கடைசியாக 41 வந்தான்.

அவன் பிரேக் பிடித்து நின்றான். என்னைப் பார்த்தான், பெரியவரைப் பார்த்தான், சல்யூட் அடித்தான். ஏதோ வேகமாகச் சொன்னான். பீப்பாய் என்ற சொல்லும் தண்ணீர் என்ற சொல்லும் எனக்குப் புரிந்தன. தன் கழுத்தைத் தானே பிடித்துக் காட்டினான். காவல்காரனுக்குச் சிரிப்பு வந்தது. பெரியவர் சிரிக்கவில்லை. இவனை உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

41 திரும்பினான். என் கையிலிருந்த 37-ஐப் பார்த்தான்.

"தன்னவா, சேர்" என்றான்.

தெரியும். என் பெயர் அவனுக்குத் தெரியாது, ஊர் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு பீப்பாயளவு நேரம்தான். அதை வைத்துக்கொண்டு தெரியும் என்று சொன்னான். பெரியவர் என்னைப் போகச் சொன்னார்.

மைதானத்தில் லெட்சுமி

டவுன் எல்லையில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். மிச்சமிருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். நான் முன்னால், அவன் இரண்டடி பின்னால். கூட வருகிறேன், திரும்பவும் யாரும் பிடிக்கமாட்டார்கள் என்று சைகையில் சொல்லியிருந்தான்.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். என்னைக் காப்பாற்றியவன்தான். ஆனாலும் அந்தக் காலடிச் சத்தம் பின்னால் வர வர எனக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. ஓட ஓட வேகம் கூட்டினேன். அவனும் கூட்டினான். அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை.

லெட்சுமி பஸ்ஸில் வந்து மைதானத்து வேலியோரம் காத்திருந்தாள். எல்லாரும் வந்து முடித்துவிட்டார்கள், புருஷனை மட்டும் காணோம். தண்ணீரில்தான் போய்விட்டேன் என்று முடிவே செய்துவிட்டாளாம். அப்போது மைதான வாசலில் நான் தெரிந்தேன். வாயைப் பிளந்துகொண்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறேன். எனக்குப் பின்னால் பச்சைப் பனியன், கட்டை முடி.

அவள் வேலியைத் தாண்டி உள்ளே ஓடி வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் தனக்குப் பின்னால் தள்ளினாள். கயிற்றில் இழுத்துப் பழகிய கை, நான் சுருண்டு விழுந்தேன். சோற்றுப் பொட்டலம் இருந்த பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவனை மறித்து நின்றாள்.

"மொகுத் களே நே, மஹத்தயா! மொகுத் களே நே!"

 41 நின்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது. மெதுவாக இரண்டு கையையும் மேலே தூக்கினான். ஓர் ஆமிக்காரன் என் மனைவிக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றதை நான் தரையில் கிடந்தபடி பார்த்தேன்.

"நே, அக்கே" என்றான். அழப் போகிறவன் குரலில் சொன்னான். இல்லை அக்கா.

நான் எழுந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. அவள் கை என் இடுப்புக்கு வந்தது. பையைத் தடவியது.

"எங்கங்க?"

"தண்ணியில போயிருச்சு."

அவள் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவனுக்கும் எனக்கும் பாதி பாதி வைத்தாள்.  சாப்பிட்டுக்கொண்டே அவன் தன் பெயர் சுனில் என்றான். பிறகு அவனை நான் பார்க்கவே இல்லை. வடக்குக்கு அனுப்பிவிட்டதாகச் செக்பொயிண்டில் ஒருவன் சொன்னான். அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிவில்லை.

புது அட்டை வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டைக் காட்டிக்கொண்டுதான் அந்த வளைவைத் தாண்டினேன். ஒவ்வொரு நாளும் தாண்டினேன். ஒவ்வொரு நாளும் பயந்தேன்.

செயின்

சமாதானம் வந்துவிட்டது என்று சொன்ன வருஷங்களில் அதே போட்டியை மறுபடியும் வைத்தார்கள். முப்பதைத் தாண்டிவிட்டேன், தொப்பையும் கொஞ்சம் வந்துவிட்டது. பெரிய கிளாக்கர் ஓய்வு பெற்று ஊருக்குப் போயிருந்தார். இந்தத் தடவை பேரைக் கொடுத்தது நானே.

லெட்சுமி பை தைக்கவில்லை. "குடுங்க, நான் வெச்சிருக்கேன்" என்று அட்டையை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டாள். தண்ணீரில் நான்கு நான்காக எண்ணினேன். இரண்டு பாஷைக்கும் நானே எண்ணினேன்.

ஹாலிஎல தாண்டி அந்த வளைவுக்கு வந்தேன். செக்பொயிண்டை எடுத்துப் பல மாதம் ஆகியிருந்தது. மண்மூட்டை இல்லை, பீப்பாய் இல்லை. இருந்த இடத்தில் ஒரு பெண் அவித்த சோளம் விற்றுக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்று காலையில் அறிமுகமாகியிருந்தார்.

அவர் இறங்கினார்.

பத்தடி தள்ளிக்கொண்டு நடந்தார். என்ன ஏது என்று நான் யோசிப்பதற்குள் நானும் இறங்கியிருந்தேன். என் வலது கை இடுப்பில் இருந்தது. இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகச் சோளக்காரியைத் தாண்டி நடந்தோம். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

பின்னாலிருந்து ஒரு சிங்கள வாலிபன் வேகமாக வந்தான். போட்டியில் இரண்டு பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதைப் பார்த்து, பாவம் என்று வேகத்தைக் குறைத்தான். தமிழ் கொஞ்சம் தெரிந்திருந்தது.

"என்ன அண்ணே, செயின் கழண்டுருச்சா?"

"ஆமா தம்பி" என்றேன். "ரெண்டு பேருக்கும்."